கிராமத்தில் ஹாம் ரேடியோ: எந்த மாதம் எந்த பேண்ட்?

ஹாம் ரேடியோ என்பது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலி அலையில் ஒருவரோடு ஒருவர் பேசுவது. அந்த உரிமமும் கால்சைனும் (உங்கள் நிலையத்துக்கான அழைப்புக் குறி) கையில் இருந்து, வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னையும் நின்றால், நகரத்து ஹாம்களுக்கு வாய்க்காத வசதி உங்களுக்கு இருக்கிறது. ஆனால் விதைப்புக்கு மாதம் பார்ப்பது போல ரேடியோவுக்கும் மாதம் பார்க்க வேண்டும். பங்குனியில் தெளிவாகக் கேட்ட பேண்ட் (அலைவரிசைத் தொகுதி) சித்திரையில் ஒரே இரைச்சலாகிவிட்டது என்று ரிக்கை, அதாவது ரேடியோ கருவியை, கழற்றிப் பார்க்கிறவர்கள் நிறைய பேர். ரிக்கில் ஒன்றும் இல்லை, பருவம் மாறியிருக்கிறது.

முதலில் ஆன்டெனா. 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 40 மீட்டர் பேண்டுக்கு ஒரு சாதாரண டைபோல் (நடுவில் கேபிள் சேர்த்து இரு பக்கமும் சமமாக நீட்டிய கம்பி) போதும். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.1க்கு சுமார் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. அரை மீட்டர் கூடுதலாக விட்டு, மேலே ஏற்றி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். தேங்காய் பறிக்க ஆள் வருகிற அன்றே மரத்தில் ஒரு கப்பி கட்டித் தரச் சொல்லிவிடலாம், தனியாக ஆள் தேட வேண்டாம். பனை இருந்தால் இன்னும் நல்லது, தென்னை அளவுக்கு ஆடாது. கயிற்றை இழுத்து முடிச்சுப் போடாமல், கப்பி வழியாக இறக்கி நுனியில் மணல் நிரப்பிய ஒரு கேனைத் தொங்கவிடுங்கள், மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும், கம்பி அறாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தக் கம்பிக்கும் பொருந்தும். ஒன்றில் மட்டும் சமரசமே கூடாது: அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத தூரத்தில்தான் ஆன்டெனா இருக்க வேண்டும்.

பத்து மீட்டர் உயரம் தாராளம். அலை கிட்டத்தட்ட நேர் மேலே போய் அயனிமண்டலத்தில் (உயரத்தில் உள்ள, அலையைத் திருப்பிவிடும் மின்னேறிய காற்றடுக்குகளில்) திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இறங்கும். அதனால்தான் காலை நேரத்தில் மதுரை, கோவை, பெங்களூரு எல்லாம் பக்கத்து வீடு மாதிரி கேட்கிறது. வெயில் ஏறினால் அதன் கீழ் அடுக்கு அலையை விழுங்கிக்கொள்ளும். சாயங்காலம் மறுபடி வாருங்கள், தூரத்து நாடுகளும் மெல்ல எட்டிப் பார்க்கும்.

பங்குனியும் புரட்டாசியும் இரவும் பகலும் சமமாகிற காலம், அப்போது 21, 28 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளை விடாதீர்கள். இந்த பேண்டுகளுக்கு உயிர் கொடுக்கும் சூரியப்புள்ளிகள் 2024 வாக்கில் உச்சத்தைத் தொட்டுவிட்டன, இனி வரும் ஆண்டுகளில் 28 மெல்ல அடங்கும், இருக்கிறபோதே பயன்படுத்திக்கொள்ளுங்கள். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போவதால் இந்த மாதங்களில் சூரியன் மறைந்த பிறகு எதிர்முனைக் குரல் படபடவென்று நடுங்கும், அப்போது மெதுவாக, கால்சைனை இரண்டு முறை சொல்லிப் பேசினால் போதும்.

சித்திரை, வைகாசியில் மதியத்துக்குப் பிறகு 40 மீட்டரில் படபடவென்று வெடிக்கும். அது எங்கோ விழுகிற மின்னல், கோடை மழையின் சேதி. காலை ஏழு மணிக்குள் பேசி முடித்துவிட்டு ஆன்டெனா கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள், ரிக்கின் பின்னால் தொங்கவிடுவது கழற்றியதில் சேராது. இடி கேட்ட பிறகு கழற்றப் போகவே போகாதீர்கள், ரிக் போனால் போகட்டும். இந்த மாதங்களில் மண்ணும் காய்ந்துவிடுவதால் எர்த் குழிக்கு வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது அவசியம்.

காய்ந்த காலத்தில் இன்னொரு தொல்லை, மின்கம்பத்து இன்சுலேட்டரில் தூசி படிந்து பொரிகிற 'கிர்' சத்தம். நல்ல மழை ஒன்று கழுவினால் பெரும்பாலும் நின்றுவிடும். சீராக 'டிக், டிக்' என்று வந்தால் அது யாரோ ஒருவர் தோட்டத்து சோலார் வேலி, செடி கொடி உரசுகிற இடத்தை வெட்டிவிட்டால் அவருக்கும் நல்லது. கரண்ட் போனால் வருத்தப்படாதீர்கள், ஊரே அமைதியாகிவிடும்! 12 வோல்ட் பேட்டரி ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும். 100 வாட் ரிக் அனுப்பும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் பேட்டரியில் பவரைக் குறைத்து, அதிகமும் கேளுங்கள்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வெளியே உள்ள கனெக்டர்களைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றிவிடுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். புயல் நாட்களில் இந்த பேட்டரியும் கம்பியும்தான் ஊருக்கு மிஞ்சும் தொடர்பாக இருக்கலாம். எங்கே எவ்வளவு மழை, எந்தப் பாலம் மூழ்கியது என்பதில் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். மண்டி விலை, வியாபாரம் இந்த அலைவரிசைகளில் எப்போதுமே கூடாது.

மார்கழி, தைதான் அறுவடை. இடி இல்லை, இரைச்சல் குறைவு, விடியலுக்கு முன் எழுந்தால் மெல்லிய சிக்னல்கூடப் பிடிபடும். கடலோரத்தில் இருப்பவர்கள் பனி விலகும்வரை 144–146 மெகாஹெர்ட்ஸையும் கேளுங்கள். சில காலைகளில் இந்த விஹெச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) அலை வழக்கமான எல்லையைத் தாண்டி ஓடும். லாக் (பேசிய தொடர்புகளின் பதிவேடு) எழுதும்போது மட்டும் தேதியைக் கவனியுங்கள்: நம் காலை 5:30தான் யுடிசி (உலகப் பொது நேரம்) 00:00, அதற்கு முன்பு பேசியதெல்லாம் யுடிசி கணக்கில் முந்தைய நாள், பேசியதை உறுதிசெய்து அனுப்பும் கியூஎஸ்எல் அட்டையிலும் அப்படியே எழுத வேண்டும்.