மாத்திரையை மாற்றும் நாட்களில் கால் குடைச்சலையும் இரவுத் தூக்கத்தையும் சமாளிக்கும் முறை

இரவு படுத்தவுடன் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போலவும் எலும்பைக் குடைவது போலவும் ஓர் உணர்வு எழுந்து, காலை அசைக்காமல் ஒரு நிமிடம்கூடக் கிடக்க முடியாமல் போவதை நம் வீடுகளில் கால் குடைச்சல் என்றும் கால் உளைச்சல் என்றும் சொல்லிவருகிறோம். மருத்துவர்கள் இதை அமைதியற்ற கால்கள் நோய் என்கிறார்கள். ஓய்வாக இருக்கும்போது தோன்றுவதும், எழுந்து நடந்தால் தணிவதும், மாலையில் தொடங்கி நள்ளிரவை ஒட்டிக் கடுமையாவதும், விடியும் நேரத்தில் விட்டுவிடுவதும் இதன் அடையாளங்கள். குரக்கு வலி வேறு. அதில் தசை கல்லைப் போல இறுகி வலிக்கும். நீரிழிவால் வரும் பாத எரிச்சலும் வேறு. நடந்தாலும் அது பெரும்பாலும் குறைவதில்லை.

என் அம்மா, எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்று சொல்லும் முந்திரி ஆலையில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து வேலை பார்த்தவர். தக்கலைக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் அவர் நள்ளிரவில் நடக்கும் காலடி ஓசையைக் கேட்டே வளர்ந்தவன் நான். அவருடைய மாத்திரையை மாற்றிய மூன்று மாதங்களில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும், மருத்துவர்கள் சொல்லி உறுதிசெய்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. அந்த முடிவுக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையில் வரும் இரவுகளைக் கடக்க வேண்டியவர்கள் நாம்; இந்தக் கட்டுரை அந்த இரவுகளுக்கானது.

மாத்திரையே நோயை வளர்க்கும் நிலை

பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையைத் தாங்கள் செய்யும் மருந்துகள். தொடக்கத்தில் இவை மிக நன்றாகக் கேட்கும். பிரமிபெக்சோலை 0.125 மில்லிகிராமில் தொடங்கிய வாரத்தில், பல ஆண்டுகளுக்குப் பின் அம்மா விடியும்வரை உறங்கினார். நான்கு ஆண்டுகளில் அந்த அளவு 0.5 மில்லிகிராம் ஆயிற்று. முன்பு இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய குடைச்சல் ஆறு மணிக்கே வந்தது. பிறகு மதியம் சோறு உண்டு உட்கார்ந்தவுடன் வந்தது. கடைசியில் கைகளுக்கும் ஏறியது. அளவைக் கூட்டிய ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் நிம்மதி கிடைத்து, அதன்பின் நிலைமை முன்னைவிட மோசமாயிற்று. நோய் முற்றிவிட்டது என்றே நாங்கள் எண்ணினோம். ஆனால் நீண்ட காலம் உண்ணும்போது, நோய் தொடங்கும் நேரத்தை முன்னுக்கு இழுப்பதும் அதன் கடுமையைக் கூட்டுவதும் இந்த வகை மருந்துகளுக்கே உரிய விளைவு. இதைக் கருதியே, 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல், இவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுப்பதைத் தவிர்க்கும்படியும், இரும்புச்சத்தைச் சரிசெய்வதையும் நரம்பின் கிளர்ச்சியைத் தணிக்கும் கபாபென்டின், பிரெகாபாலின் போன்ற மருந்துகளையும் முன்னிறுத்தும்படியும் பரிந்துரைக்கிறது.

ஆகவே, குடைச்சல் தொடங்கும் மணி முன்னால் நகர்ந்துகொண்டே வந்தால் கூடுதல் மாத்திரை கேட்காதீர்கள். மணி நகர்ந்திருக்கிறது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தச் செய்தியைக் கேட்டு எவரும் மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு, கண்ணை ஒரு நொடியும் மூட முடியாத இரவுகள் ஆகியவை ஒன்றாக வந்து விழும். எங்கள் மருத்துவர் முதலில் பிரெகாபாலினைச் சேர்த்து, அது உடலுக்குப் பழகிய பின்னரே பிரமிபெக்சோலைச் சிறு சிறு படிகளாகக் குறைத்தார். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை உடைத்து அளவைக் குறைக்கக் கூடாது என்பதையும் அவரிடமே அறிந்தோம்.

குறைக்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு

முதலாவது இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதால் இதைத் தாண்டிச் சென்றுவிட முடியாது, ஏனெனில் இந்த நோயில் பார்க்க வேண்டியது சேமிப்பில் உள்ள இரும்பு. அதைக் காட்டும் பரிசோதனை ஃபெரிட்டின். அதனுடன், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எவ்வளவு இரும்பு ஏறியிருக்கிறது என்பதைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். ஆய்வகத் தாளில் பெண்களுக்கான இயல்பு அளவு மிகத் தாழ்வான எண்ணிலிருந்து தொடங்குவதால், 20 என்று வந்தாலும் சரி என்றே அச்சாகியிருக்கும். கால் குடைச்சல் உள்ளவருக்கு அந்த எண் போதாது. ஃபெரிட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலோ இரும்பு கொடுப்பதை மருத்துவர்கள் ஆலோசிப்பார்கள். அம்மாவின் தாளில் இருந்த எண் 19. அதுவரை எவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இரத்தம் எடுப்பது காலை நேரத்தில் இருக்கட்டும். இரும்பு மாத்திரை உண்பவர் முந்தைய நாளே அதை நிறுத்திவிட வேண்டும். காய்ச்சலோ வீக்கமோ இருக்கும் நாட்களில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் அந்நாட்களைத் தவிர்ப்பது நல்லது. இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றுடனோ நெல்லிக்காயுடனோ உண்ணலாம்; சாயா, காப்பி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேர இடைவெளி கொடுங்கள். கட்டன் சாயா இல்லாமல் பொழுது விடியாத நம் வீடுகளில் இந்த இடைவெளிதான் முதலில் மறந்துபோகிறது. மலம் கறுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பரிசோதனை இல்லாமல் இரும்பைத் தாமாக வாங்கி உண்பதோ தவறு, ஏனெனில் சிலருடைய உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்து கிடக்கும். இரும்பு ஏன் குறைந்தது என்ற கேள்வியையும் விடாதீர்கள். மாதவிடாய் மிகுதி, மூலநோய், குடலில் இரத்தக் கசிவு, ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவர்களுக்குத் தொற்றும் கொக்கிப்புழு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருத்துவம் உண்டு.

இரண்டாவது, வீட்டில் உள்ள மற்ற மாத்திரைகள். மூளையில் டோபமினைத் தடுக்கும் எதுவும் இந்தக் குடைச்சலைத் தூண்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஃபுளூனரிசின் ஆகியவை அப்படிப்பட்டவை. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும், தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமைன், பெனிரமைன் ஆகியவை வேறு வழியில் அதே தீங்கைச் செய்யும். மனச்சோர்வு மருந்துகளில் பலவும் இப்பட்டியலில் அடங்கும். ஆனால் அவற்றைத் தாமாக நிறுத்துவது பேராபத்து, மாற்று உண்டா என்று கேட்க மட்டுமே செய்யலாம். அம்மாவுக்கு நேர்ந்தது இன்னும் எளிய ஒன்று. ஒரு சிறிய மருத்துவமனையில் வயிற்று உப்புசத்துக்கு எழுதிக் கொடுத்த கேஸ் மாத்திரையில் லெவோசல்பிரைட் சேர்ந்திருந்தது. அதுவும் டோபமினைத் தடுப்பதுதான். எட்டு மாதங்களாக ஒரு கையால் டோபமினைக் கொடுத்து மறு கையால் அதைத் தடுத்துக்கொண்டிருந்தோம். நரம்பு மாத்திரை என்ற பெயரில் வரும் பட்டைகளிலும் பிரெகாபாலினுடன் நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து சேர்ந்தவை உண்டு. அதனால் பட்டையின் பின்புறம் உள்ள சிறிய எழுத்தைப் படித்தே ஆக வேண்டும். நாகர்கோவிலில் ஒரு மருத்துவர், திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவர் என்று பார்க்கும் வழக்கம் நம் மாவட்டத்தில் உள்ளதால், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போகிறது. எல்லாப் பட்டைகளையும் ஒரே பையில் போட்டு, எங்கு சென்றாலும் எடுத்துச் செல்லுங்கள்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது மணி

மருத்துவரின் முன் அமர்ந்தால் 'ரொம்ப கஷ்டம்' என்பதற்கு மேல் சொல்வதற்கு எதுவும் நினைவுக்கு வராது. ஒவ்வொரு நாளும் நான்கு நேரங்களை எழுதி வைத்தால் போதும்: குடைச்சல் தொடங்கிய மணி, மாத்திரை உண்ட மணி, உறங்கிய மணி, எழுந்த மணி. உட்கார்ந்து எத்தனை நிமிடங்களில் தொடங்குகிறது என்பதையும் கைக்கு ஏறியதா என்பதையும் சேர்க்கலாம். வேதனையின் அளவு ஒவ்வொரு நாளின் மனநிலையைப் பொறுத்து மாறும். கடிகாரம் அப்படி மாறுவதில்லை. அம்மாவுக்குத் தொடங்கும் நேரம் மூன்று மணியிலிருந்து ஏழரை மணிக்குத் திரும்பிச் சென்றதை அந்த நாற்பது பக்க நோட்டில்தான் கண்டோம். அவரைக் கேட்டிருந்தால் ஒரு மாற்றமும் இல்லை என்றே சொல்லியிருப்பார்.

ஓர் இரவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அளவைக் குறைத்த ஒவ்வொரு படிக்குப் பின்னும் முதல் சில இரவுகள் கட்டாயம் மோசமாக இருக்கும். அது உடல் பழைய மருந்தைத் தேடும் தவிப்பு. சிலருக்கு இது இரண்டு வாரம்வரை நீளும். அந்தத் தவிப்பைக் கண்டு பழைய அளவுக்குத் திரும்பினால், பட்ட பாடு முழுவதும் வீணாகும். எங்கள் வீட்டில் நான்காம் இரவு மிகக் கடுமையாக இருந்தது. ஒன்பதாம் இரவில் அம்மா மூன்றரை மணி நேரம் தொடர்ந்து உறங்கினார். தாங்க முடியாமல் போனால் மருத்துவரை அழைத்துப் பேசி, அடுத்த படியைத் தள்ளிப்போடலாம். அது தோல்வி ஆகாது.

அந்த இரவுகளைக் கடத்தல்

குடைச்சல் தொடங்கிய பின் பாயில் கிடந்து போராடுவதால் பயன் இல்லை. எழுந்து விடுங்கள். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்தினால் கெண்டைத் தசை நன்றாக இழுபடும். இரு கால்களுக்கும் மாறி மாறிச் செய்யலாம். சிலருக்கு இளஞ்சூடான நீரில் கால் வைத்தால் தணியும். சிலருக்குக் குளிர்ந்த சிமென்ட் தரையில் நடந்தால் தணியும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் சூட்டைக் கையால் சோதிக்காமல் காலை வைக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்து அழுத்திவிடுவதும் பலருக்கு உதவுகிறது.

மனம் ஒன்றில் ஊன்றி நின்றால் குடைச்சல் குறைவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மருத்துவர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். தொலைக்காட்சி அதற்கு உதவாது, கையும் கருத்தும் சேர்ந்து ஈடுபடும் வேலை வேண்டும். அம்மா தோவாளைப் பூவை உதிரியாக வாங்கி வைத்து, நின்றுகொண்டே கட்டுவார். வலை பின்னத் தெரிந்தவர் வலை பின்னலாம், கணக்குப் போடப் பிடித்தவர் கணக்குப் போடலாம்.

எத்தனை மணிக்கு உறங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். மதியம் கஞ்சி குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உறங்கினால், அது இரவிலிருந்து எடுத்த கடன். மாலைச் சாயாவையும் மதுவையும் இந்த மாதங்களில் விட்டுவிடுவது நல்லது. மது முதலில் கண்ணை மூடவைத்துப் பின்னிரவில் குடைச்சலைக் கூட்டும், பிரெகாபாலினுடன் சேர்ந்தால் மூச்சையும் தளர்த்தும். பிரெகாபாலினையும் கபாபென்டினையும் பொதுவாக உறங்குவதற்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் முன்பு உண்ணச் சொல்வார்கள். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துக்கும் கபாபென்டினுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இவ்விரண்டின் அளவும் குறைக்கப்பட வேண்டும் என்பதால், அதை மறைக்காமல் சொல்லுங்கள். தொடக்க வாரங்களில் இவை தலைச்சுற்றலையும் தள்ளாட்டத்தையும் தரும். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால், போகும் வழியில் ஒரு விளக்கை எரியவிட்டு, ஈரப் படியில் ஒரு சாக்கை விரித்து வையுங்கள்.

தொழிலுக்கு ஏற்ற காலம்

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கு இந்த நோய் இரட்டைத் துன்பம். விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஒழுகும். ஆகவே அவர்கள் இருட்டிலேயே மரத்தடிக்குப் போக வேண்டும். குடைச்சல் அடங்கி நல்ல உறக்கம் வருவதும் அதே நேரத்தில்தான். இவர்கள் மருத்துவர் 'இரவு ஒன்று' என்று எழுதித் தருவதை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்பாமல், தாங்கள் எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுபவர்கள் என்பதைச் சொல்லி, மாத்திரை நேரத்தை அதற்கேற்ப வாங்கிக்கொள்ள வேண்டும். முடிந்தால், மரங்கள் இலை உதிர்த்து வெட்டு நிற்கும் வாரங்களில் குறைப்பைத் தொடங்குவது நல்லது. மேற்குக் கடற்கரையில் விசைப்படகில் செல்பவர்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் அதற்கு ஏற்றது. தலை கிறங்கும் நாட்களில் பனையேறுவதும் இருசக்கர வாகனம் ஓட்டுவதும் கூடாது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

டோபமின் வகை மாத்திரை உண்பவர் வழக்கத்துக்கு மாறாக எல்லை தாண்டிச் சென்று கட்டுக் கட்டாக லாட்டரி வாங்கினாலோ, கைப்பேசியில் பணம் வைத்து விளையாடினாலோ, தேவையற்ற பொருட்களை வாங்கிக் குவித்தாலோ, அது குணக்கேடு அன்று, மருந்தின் பக்கவிளைவு. வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உறங்காத நாட்களில் வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். புது மாத்திரைக்குப் பின் எழுப்ப முடியாத மயக்கம், மூச்சு மெலிதல், குழப்பம் ஆகியவை தோன்றினால் 108 வண்டியை அழையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது குடைச்சல் அன்று, இரத்தக் கட்டியாக இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள அவசரப் பிரிவுக்கோ அன்றே செல்ல வேண்டும்.

கடைசித் துண்டு மாத்திரையை நிறுத்திய பின் வரும் இரவுகளே பலருக்கு மிகக் கடினமானவை. அந்த வாரத்தில் வீட்டில் ஒருவர் இரவில் உடன் விழித்திருக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நானும் என் தங்கையும் முறை வைத்து விழித்திருந்தோம். அதன்பின் இன்னும் ஒரு மாதம் குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதி, இரும்பு தொடங்கி மூன்று மாதம் ஆனதும் ஃபெரிட்டினை மறுபடி பார்த்து, இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.