பிரிஜ் பின்சுவரில் ஐஸ் ஏறுதா? சென்சரை மாற்ற முதல் அளந்து பாருங்கள்

மேலே மீன் கல்லாய் உறைந்து கிடக்கும், கீழே பால் புளிக்கும். ஃப்ரீசரின் பின்சுவரில் வெள்ளையாய்ப் பனி ஏறியிருக்கும். கொம்பிறசர் நிற்காமல் ஓடும். ஐஸ் தானாய்க் கரையும் வகைப் பிரிஜ்ஜில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், பழுது பெரும்பாலும் டிஃப்ரொஸ்ட் பக்கத்தில்தான், அதாவது படிந்த ஐஸைக் கரைக்கும் ஏற்பாட்டில். எங்கட பக்கம் இதற்கு உடனே கிடைக்கும் பதில் ஒன்றில் "காஸ் போகுது", இல்லாட்டில் "சென்சர் போட்டுது". அளக்காமல் சொன்னால் இரண்டுமே ஊகம்தான். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சொல்லி எடுப்பித்த சென்சரைப் பூட்டிய பிறகும் ஐஸ் ஏறினால், போன காசு போனதுதான். ஒரு சாதாரண மல்ரிமீற்றரும் ஒரு கோப்பை ஐஸும் இருந்தால் சென்சர் நல்லதோ பழுதோ என்று வீட்டிலேயே சொல்லிவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் குளிரூட்டும் கொயில் இருக்கிறது. சிறிய ஃபேன் ஒன்று அதில் பட்ட குளிர்காற்றை மேலும் கீழும் அனுப்பும். காற்றில் இருக்கும் ஈரம் கொயிலில் பனியாய்ப் படியும். அதைக் கரைக்கக் கொயிலோடு ஒரு ஹீற்றர் இருக்கும். பழைய மொடல்களில் ரைமர் ஒன்று 6 முதல் 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஹீற்றரைப் போடும். புதியவற்றில் அந்த வேலையைச் செய்வது போர்ட், அதாவது பிரிஜ்ஜை இயக்கும் எலெக்ட்ரோனிக் பலகை. கொயில் சூடாகிவிட்டது, இனிப் போதும் என்று போர்ட்டுக்குச் சொல்வதுதான் டிஃப்ரொஸ்ட் சென்சர்.

சென்சருக்குள் ஈரம் போனால் அதன் ஓம் அளவு (மின்தடை) குறையும். குளிரக் குளிர ஓம் கூடுவதுதான் அதன் இயல்பு, ஆகவே ஓம் குறைந்தால் கொயில் சூடாய் இருக்கிறது என்று போர்ட் எடுத்துக்கொள்ளும். ஹீற்றர் போட்ட கையோடு நின்றுவிடும், ஐஸ் கரையாது. வயர் அறுந்தால் கதை மறுபக்கம்: அளவுக்கு மிஞ்சிய குளிர் என்று போர்ட் நினைக்கும், பல மொடல்கள் பிழைக் குறியீடும் காட்டும்.

தொட முதல்

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிற்பாட்டினால் போதாது. கீழே வருகிற எல்லா அளவும் கறண்ட் இல்லாமல் எடுப்பவை.

கொம்பிறசருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் வாசியுங்கள். ஆர் 600ஏ (R600a) என்றிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. யன்னல்களைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பும் விளக்கும் வேண்டாம்.

கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ ஐஸைக் குத்தவே வேண்டாம். கொயில் மெல்லிய அலுமினியம். ஒரு சின்னத் துளை விழுந்தால், சென்சர் காசில் முடிய வேண்டிய வேலை பிரிஜ்ஜையே விட்டுவிடுகிற அளவுக்குப் போய்விடும்.

ஐஸைக் கரைத்து, கொயிலைப் பாருங்கள்

சாமான்களை வெளியே எடுத்து, கதவைத் திறந்து வைத்து, மேசை ஃபேனைத் தூரத்தில் வைத்துக் காற்றை உள்ளே விடுங்கள். வன்னி வெயிலில் கனநேரம் எடுக்காது. அடியில் பழைய துவாய் போடுங்கள். பின்பலகை இலகுவாய்க் கழரும் அளவுக்குக் கரைந்ததும் ஸ்குரூவைக் கழற்றிப் பலகையை எடுத்து, மிச்ச ஐஸ் கரைய முதல் கொயிலைப் போனில் படம் எடுங்கள்.

அந்தப் படம் பாதி வேலையை முடித்துவிடும். கொயில் முழுக்க, மேலிருந்து கீழ்வரை தடிப்பாய் ஐஸ் இருந்தால் டிஃப்ரொஸ்ட் நடக்கவில்லை. ஒரு மூலையில் மட்டும் ஐஸ் இருந்து மற்றப் பக்கம் வெறுமையாய் இருந்தால் காஸ் குறைவோ அடைப்போ இருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை, சென்சரைத் தேட வேண்டாம். பனி கதவோரத்தில் மட்டும் என்றால் கதவு றப்பரைப் பாருங்கள்.

எது சென்சர்?

கொயிலின் மேற்பக்கக் குழாயில் கிளிப் போட்டு ஏதோ ஒன்று மாட்டியிருக்கும். விரல்நுனி அளவுப் பிளாஸ்டிக் குமிழும் இரண்டு மெல்லிய வயரும் என்றால் அது சென்சர். ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் வட்டமாய், தடித்த வயரோடு இருந்தால் அது தேமோஸ்ராற், குளிரில் தொடுத்துச் சூட்டில் விடும் சுவிட்ச். அதை அளக்கும் முறை வேறு, கீழே சொல்கிறேன்.

கழற்ற முதல் அது எந்தக் குழாயில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று இன்னொரு படம் எடுங்கள். பிறகு கனெக்டரைப் பிரித்து உள்ளே பாருங்கள். பின்னில் பச்சையாய்ப் பூத்திருந்தால் சென்சர் நல்லதாய் இருந்தும் போர்ட்டுக்குப் போகும் அளவு பிழைக்கும். பின்னைத் துப்புரவாக்கி, வயரை நேரடியாய் அளந்து, கனெக்டரிலும் அளந்து ஒப்பிடுங்கள்.

ஐஸ் சோதனை

இதைத்தான் ஆறுதலாய்ச் செய்ய வேணும். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் "25 பாகையில் 5 கிலோ ஓம்" என்கிற மாதிரி இருக்கும். மாங்குளத்தில் மத்தியானம் 31 பாகையில் அதே சென்சரை அளந்தால் 4 கிலோ ஓமுக்கும் கொஞ்சம் குறைவாய்த்தான் காட்டும். அது பழுதில்லை, எங்கட வெக்கைக்கு அதுதான் சரியான அளவு. இந்த ஒரு வித்தியாசத்தால் நல்ல சென்சர்கள் குப்பைக்குப் போகின்றன. கரைகிற ஐஸோ எந்த ஊரிலும் 0 பாகைதான். ஆகவே அதை நம்புங்கள்.

ஒரு கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். கரையோரம் இருப்பவர்களுக்கு மீன்வாடியில் ஐஸ் கிடைக்கும். முதலில் சென்சரை வெளியே வைத்து அளந்து எழுதுங்கள். மீற்றர் 20 கிலோ ஓமில் இருக்கட்டும். அளவு அதைத் தாண்டினால் 200க்கு மாற்றுங்கள். இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள், வியர்த்த கை அளவைக் குறைத்துக் காட்டும்.

பிறகு குமிழை மெல்லிய பொலித்தீனில் சுற்றி ஐஸுக்குள் அமிழ்த்தி, கனெக்டரை வெளியே விடுங்கள். அளவு மெல்ல மெல்ல, தடங்கலில்லாமல் ஏற வேணும். ஐந்து பத்து நிமிடத்தில் ஓரிடத்தில் நிற்கும். 31 பாகை அறையில் எடுத்த அளவைவிட ஏறக்குறைய மூன்று முதல் நான்கரை மடங்கு வந்தால் சென்சர் குளிரை உணர்கிறது. 25 பாகையில் 5 கிலோ ஓம் வகைகள் பலவற்றில் ஐஸில் 13 முதல் 16 கிலோ ஓம் வரும். பிரிஜ்ஜின் உட்சுவர் ஸ்டிக்கரில் இருக்கும் மொடல் இலக்கத்துக்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டால் இன்னும் உறுதி.

அளவு ஏறாமல் நின்றாலோ, வயரை அசைக்கும்போது துள்ளினாலோ, மீற்றர் எல்லை தாண்டியது என்றோ பூச்சியத்துக்குக் கிட்டவோ காட்டினாலோ சென்சரை மாற்றலாம். அட்டவணை இல்லையா? சில மொடல்களில் ஃப்ரீசரின் மற்றச் சென்சரும் இதே வகைதான். இரண்டையும் ஒரே கோப்பையில் வைத்து அளந்து பாருங்கள்.

வட்டத் தேமோஸ்ராற் என்றால்

மீற்றரால் பார்த்தால் அறைச் சூட்டில் இரண்டு வயருக்கும் இடையில் தொடுப்பு (கறண்ட் போகும் வழி) இருக்கக் கூடாது, நல்ல குளிரில் இருக்க வேணும். வெறும் ஐஸ் இதற்குப் போதாது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்புக் கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையைத் தாண்டும். ஆனையிறவுக் கல்லுப்பே போதும். பொலித்தீனில் சுற்றி அதற்குள் விட்டால், சற்று நேரத்தில் 'டிக்' என்று தொடுக்கும். தொடுக்காவிட்டால் பழுது.

சென்சர் நல்லதென்றால்

ஹீற்றரை அளங்கள். 230 வோல்ட்டில் 200 வாட் என்றால் 265 ஓமுக்குக் கிட்ட வர வேணும். 150 வாட் என்றால் 350ஐத் தாண்டும். எல்லை தாண்டியது என்று காட்டினால் ஹீற்றர் அறுந்திருக்கிறது. அதோடு இருக்கும் வெப்ப பியூஸ் தொடுப்பாய் இருக்க வேணும். அதை நேரடி வயரால் இணைத்து ஓட்டாதீர்கள், வீடு எரியாமல் காப்பது அந்தப் பியூஸ்தான். எல்லாம் நல்லதென்றால் மிஞ்சுவது ரைமர் அல்லது போர்ட். ஐப்பசி இடிமின்னலுக்குப் பிறகு தொடங்கிய பழுதென்றால் போர்ட்டில் சந்தேகம் கூடும். அதைக் கறண்டோடுதான் சோதிக்க வேணும், பழகியவரிடம் விடுங்கள்.

புதுச் சென்சரைப் பழையது இருந்த அதே குழாயில், உலோகத்தோடு ஒட்டியபடி கிளிப் போடுங்கள். கனெக்டர் வாய் கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்காது. வயர் ஃபேனில் படாமல் கட்டி, பலகையைப் பூட்டி, பிரிஜ்ஜைப் போடுங்கள். ஒரு கிழமைக்குப் பிறகும் பின்சுவர் வெறுமையாய் இருந்தால் வேலை சரி. திரும்ப ஐஸ் ஏறினால் எழுதி வைத்த அளவுகளையும் போனில் எடுத்த படங்களையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அவர் நேரே போர்ட்டிலிருந்து தொடங்கலாம்.