வில்லனை அடித்தால் தீராத ஒரு சூப்பர் ஹீரோ ஆட்டம் நடத்துவது எப்படி?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் இனவெறுப்பைப் பற்றிக் கதை நடத்தப் போகிறீர்களா? மூளையை வசியம் செய்யும் வில்லன் மட்டும் வேண்டாம். ஊரே வசியத்தில் ஆடியது என்றால் யார் மேலும் தப்பில்லை என்றாகி, கதை படுத்துவிடும்.

முதலில் களம். 1950களின் சிகாகோ, நார்த் லாண்டேல். வெள்ளையர் தெருவுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்ததும், தெருவே கைமாறப் போகிறது, விலை விழுவதற்குள் விற்றுவிடுங்கள் என்று ரியல் எஸ்டேட் புரோக்கர்கள் பயமுறுத்தி, அடிமாட்டு விலைக்கு வாங்கி, வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினத்தவருக்கே மிக அதிக விலையில் தவணைக்கு விற்றார்கள். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகலாம், கட்டிய பணமும் போகலாம். இது நிஜமாக நடந்தது, 1968இல்தான் இந்தப் பயமுறுத்தலை அமெரிக்கா முழுவதற்குமான சட்டம் தடை செய்தது.

அடுத்து வில்லன். அவனும் ஒரு புரோக்கர். ஏற்கெனவே இருக்கிற பயத்தைப் பெருக்குவது மட்டும்தான் அவன் சக்தி, இல்லாத பயத்தை அவனால் உண்டாக்க முடியாது. இதை மாற்றிவிடாதீர்கள்.

துப்புகளை வரலாற்றிலிருந்தே எடுக்கலாம். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு கறுப்பினப் பெண் தெருவில் இரண்டு முறை நடந்து போகிறாள். ஹீரோ விசாரித்தால், வெள்ளையர் கண்ணில் படும்படி நடப்பதற்குப் புரோக்கர் கூலி கொடுத்தான் என்பாள். புரோக்கர் வாங்கிய விலை பதிவு அலுவலகத்தில் இருக்கும், விற்ற விலை, வீட்டை வாங்கிய கறுப்பினக் குடும்பத்தின் தலைவியின் மேசை இழுப்பறையில், தவணை ஒப்பந்தத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது ஆட்டக்காரர்கள் வேலை, நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்தக் குடும்பத்தையும் காப்பாற்றப்பட மட்டுமே இருக்கும் பொம்மைகளாக விடாமல், தலைவியை ஒரு ஆட்டக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

பய அளவு என்று ஒரு எண்ணை 3இல் தொடங்குங்கள். தெருவில் சண்டை போட்டால் 2 ஏறும். ஒரு அண்டைவீட்டுக்காரர் விற்க மறுத்தால் 1 இறங்கும். 10 வந்தால் தெரு முழுக்க விற்பனைப் பலகைதான்.

உட்காரும் முன்பே இழிசொற்களை மேசையில் சொல்வதில்லை என்று பேசிக்கொள்ளுங்கள். சங்கடமான காட்சியை யார் வேண்டுமானாலும் தொட்டு நிறுத்த, எக்ஸ் கார்டு என்னும் X எழுதிய அட்டை ஒன்றையும் நடுவில் வையுங்கள்.

வில்லன் மாட்டினாலும் எண் தானாக இறங்காது, ஒப்பந்தமும் செல்லும். இரண்டாம் அமர்வு அங்கிருந்து தொடங்கட்டும்: லாண்டேலில் 1968இல் தவணைக்காரர்கள் சங்கமாகத் திரண்டு, பிறகு தவணை கட்டுவதையே கூட்டாக நிறுத்தினார்கள். அதில் உங்கள் ஹீரோக்களுக்கு என்ன வேலை என்று ஆட்டக்காரர்களிடமே கேளுங்கள்.