கிளட்ச் பெடலில் கை வைக்கும் முன்

பெடல் மெத்தென்று இருக்கிறது, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று காலுக்கே தெரியவில்லை, கியர் மாற்றுவதில் ஒரு திருப்தி இல்லை. பெடலை மாற்றி அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் குறையோடுதான் தொடங்குகிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் பழுதை ரசனைக் குறைவாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச், மெத்தென்று ஆனால் ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கலாம். பெடல் பக்கவாட்டில் ஆடினால் அதன் அச்சைத் தாங்கும் சிறு வளையமான புஷ் தேய்ந்திருக்கும். நாளாக நாளாகப் பெடல் கனத்து வந்தால் கிளட்ச் தட்டே தேய்ந்து வருகிறதோ என்று பாருங்கள். கிளட்ச் ஆயிலை மாற்றி, காற்றை எடுத்து, புஷ் மாற்றிய பிறகும் குறை இருந்தால் அப்புறம் மாற்றங்களைப் பற்றி யோசிக்கலாம்.

அதிகம் பேர் செய்வது பெடலுக்கு அடியில் ரப்பர் தடுப்பு வைப்பது, அதாவது கிளட்ச் ஸ்டாப். கிளட்ச் விடுபட்ட பிறகும் பெடல் தரைவரை வீணாகப் போவதை அது தடுக்கும், காலுக்கு வேலை குறையும். எளிய, நல்ல மாற்றம். ஆனால் தடுப்பு கொஞ்சம் உயரமாக அமைந்துவிட்டால் கிளட்ச் முழுதாக விடுபடாது. அந்த நிலையில் மாற்றும் ஒவ்வொரு கியரும் சிங்க்ரோவை, அதாவது கியர் விழும் முன் வேகங்களை ஒத்துப்போக வைக்கும் வளையத்தை, தேய்க்கும். நான் முதல்முறை வைத்தபோது இன்ஜின் குளிர்ந்திருந்தது, எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்தது. நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டியதும் ரிவர்ஸ் கரகரத்தது. அதனால் வண்டி நன்றாகச் சூடான பிறகே சோதியுங்கள். சமதளத்தில் நிறுத்தி, பெடலைத் தடுப்புவரை மிதித்து, நான்கைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது என்பதால் கிளட்ச் முழுதாக விடுபடாமல் இழுத்தால் உடனே சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். சத்தம் இல்லாத இடத்திலிருந்தும் ஒரு விரல் அகலம் கீழே இறக்கி வைப்பது என் பழக்கம்.

இதைவிட ஆபத்தானது, பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் (மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் உருளை) இணைக்கும் கம்பியான புஷ் ராடை நீட்டி, ஃப்ரீ பிளேயை, அதாவது மிதிக்கத் தொடங்கும்போது பெடலில் இருக்கும் வெற்று ஆட்டத்தை, முழுவதும் ஒழிப்பது. தொட்டவுடன் கிளட்ச் வேலை செய்வது போன்ற உணர்வு கிடைக்கும், உண்மைதான். ஆனால் காலை எடுத்த பிறகும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டே இருக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் பெடலைத் தொடாமலே கிளட்ச் வழுக்கும், கருகும். கேபிள் கிளட்சிலும் இறுக்கிவிட்டால் முடிவு இதுதான். அந்தச் சிறு ஆட்டம் குறையல்ல, தேவை. எத்தனை மில்லிமீட்டர் என்பது காருக்குக் கார் மாறும், அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தே வையுங்கள். லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

சில கார்களில் மிதிக்க உதவும் ஸ்பிரிங் ஒன்று பெடலிலேயே இருக்கும். பாதி தூரம் தாண்டியதும் அது காலோடு சேர்ந்து கீழே தள்ளும், பிடிக்கும் புள்ளி மங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். கழற்றினால் உணர்வு தெளிவாகும், பெடல் கனக்கும். கழற்றிய பின் பெடல் தானாக மேலே முழுதாக வருகிறதா என்று கையால் பலமுறை அழுத்திப் பாருங்கள். வரவில்லை என்றால் ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டுவதைத் தவிர வேறு வழி தேடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை மாற்றி, சில நாள் ஓட்டி, அப்புறம் அடுத்தது.

கடைசியாகப் பெடல் சுவிட்சுகள். தடுப்பு வைத்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக விடும், கீழே இருக்கும் சுவிட்சைப் பெடல் எட்டவில்லை என்று அர்த்தம். பலர் அந்த ஒயரை நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கியரில் இருக்கும் வண்டியின் சாவியை யாராவது திருப்பினால் அது முன்னால் பாயும், எதிரில் ஒரு குழந்தை நிற்கலாம். தடுப்பைச் சீவி உயரத்தைக் குறையுங்கள், அல்லது சுவிட்சை நகர்த்த வழி இருந்தால் நகர்த்துங்கள்.