பிரசவ வலியின்போது என்ன குடிக்கலாம், எப்போது சாப்பிடலாம்: முதல் பிரசவத்துக்கு ஒரு வழிகாட்டி

வலி எடுத்துவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்று இன்னும் பல இடங்களில் சொல்கிறார்கள். இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன் 1946-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1932 முதல் 1945 வரை ஒரு மருத்துவமனையில் பதிவான 44,016 கர்ப்பங்களில், 66 பெண்களுக்கு மயக்கத்தில் இருந்தபோது வயிற்றில் இருந்தது மேலேறி நுரையீரலுக்குள் போயிருந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அன்று முகமூடி வழியாக முழு மயக்கம் கொடுப்பார்கள். இன்று பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் ஊசி போட்டே நடக்கின்றன, தாய் விழித்திருக்கிறாள். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரையில், சிக்கல் இல்லாத பெண்கள் வலியின்போது குடிக்கலாம், சாப்பிடலாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

படி 1: முன்கூட்டியே கேளுங்கள்

36-ஆம் வாரச் செக்கப்பில் கேட்டுவிடுங்கள்: "வலி வந்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரலாமா? லேபர் வார்டுக்குள் இளநீர், கஞ்சி கொண்டுவரலாமா?" வலியோடு போய் நின்றுகொண்டு இதைப் பேச முடியாது. ரத்த அழுத்தம் அதிகம் இருப்பவர்கள், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், இதய நோய் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், முன்பு சிசேரியன் ஆனவர்கள், ரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்குக் கீழே உள்ளவை அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

படி 2: வலி லேசாக இருக்கும்போதே சாப்பிடுங்கள்

முதல் பிரசவத்தில் ஆரம்ப வலி பல மணி நேரம் இழுக்கும். வலி விட்டு விட்டு வருகிறது, இடையில் பேச முடிகிறது, வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் அதுதான் சாப்பிடுவதற்கு நல்ல நேரம். இரண்டு இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், கேழ்வரகுக் கஞ்சி, வாழைப்பழம், எது இறங்குகிறதோ அது. பரோட்டா, பிரியாணி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கொழுப்பு வயிற்றில் வெகுநேரம் தங்கும், வலி முற்றும்போது வாந்தியாக வெளியே வரும்.

சூட்டு வலியா (பொய் வலி), மெய் வலியா என்று பார்க்க அம்மாவோ அத்தையோ சீரகக் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு டம்ளர் குடிப்பதில் ஒன்றும் இல்லை. ஆனால் வலி வலுக்கட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுத்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அது வயிற்றுப்போக்கை உண்டாக்கி உடம்பில் உள்ள நீரை வெளியேற்றும், அதுவும் நீர் மிகவும் தேவைப்படும் நேரத்தில்.

பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ சாப்பாட்டைப் பற்றி யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

படி 3: வலி முற்றியதும் வாய் வாயாகக் குடிக்க வேண்டும்

கருப்பை வாய் 5 செ.மீ. திறந்ததிலிருந்து முழு வேக வலி என்று கணக்கு. முதல் பிரசவத்தில் இது பொதுவாக 12 மணி நேரத்துக்குள் முடியும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலான பெண்களுக்குச் சாப்பாட்டு ஆசையே போய்விடும். "தெம்பு வேணும்" என்று யாரும் வாயில் திணிக்க வேண்டாம். சாப்பிட்டால் பிரசவம் சட்டென்று முடிந்துவிடும் என்பதும் உண்மையல்ல. 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கட்டுப்பாடு குறைவாக இருந்த பெண்களுக்குச் சராசரியாக 16 நிமிடம்தான் குறைந்தது. வறண்ட வாயோடும் காய்ந்த தொண்டையோடும் மணிக்கணக்கில் தவிக்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் போதுமான காரணம்.

கூட இருக்கும் துணையின் வேலை இதுதான்: ஒரு வலி தணிந்ததும் ஸ்ட்ராவை வாயருகே நீட்டுவது. இரண்டு மூன்று வாய் போதும். இளநீர், சக்கை இல்லாத ஜூஸ், பால் சேர்க்காத டீ, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் எல்லாம் நல்லவை. ஓ.ஆர்.எஸ். என்றால் ஒரு பாக்கெட்டை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அரை பாக்கெட், குத்துமதிப்பு என்பதெல்லாம் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. குடிக்காமல் இருப்பது போலவே அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து குறையும். வலி வருவதற்காக ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் போட்டிருந்தால் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இன்னும் சீக்கிரம் குறையும். ஸ்வீடனில் நடந்த ஆய்வு ஒன்றில், வலியின்போது 2.5 லிட்டருக்கு மேல் நீர் உடலில் சேர்ந்த பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சோடியம் குறைந்திருந்தது. டிரிப்ஸில் ஏறுவதும் இந்தக் கணக்கில் சேரும். தாகத்துக்குக் குடியுங்கள், கட்டாயத்துக்கு அல்ல. கடும் தலைவலி, குழப்பமான பேச்சு, வலிப்பு தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

படி 4: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர்

உந்துதல் இல்லாவிட்டாலும் போய் வாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்கும் வழியில் இடிக்கும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடிப்பது போதவில்லை.

படி 5: எப்போது நிறுத்த வேண்டும்

பெத்தடின் போன்ற வலி ஊசி போட்டால் வயிறு காலியாவது மிகவும் மெதுவாகிவிடும், எனவே திட உணவு வேண்டாம். எபிடூரல் (முதுகு வழியாக வலியை மரத்துப்போகச் செய்யும் மருந்து) போட்டிருந்தாலும், சிசேரியன் பேச்சு வந்தாலும் நர்ஸிடம் கேட்காமல் ஒரு வாய்கூட வேண்டாம். முன்பே நாள் குறித்த சிசேரியன் என்றால் பொதுவாக லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீர்வகைகளுக்கு 2 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்கள். பால் தெளிந்த நீர்வகையில் சேராது. கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து "ஒண்ணும் சாப்பிடலை" என்று சொல்வதுதான் மிகப் பெரிய ஆபத்து. வயிறு நிறைந்திருக்கிறது என்று தெரிந்தால், மயக்க மருந்து தருபவர் அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்து அதற்கேற்பத் திட்டமிடுவார்.

படி 6: குழந்தை பிறந்த பிறகு

சுகப்பிரசவம் ஆகி, நஞ்சுக்கொடி வெளியேறி, ரத்தப்போக்கு கட்டுக்குள் இருந்தால் உடனே சாப்பிடலாம். காபியோ கஞ்சியோ இட்லியோ, மனசுக்குப் பிடித்தது. "பிள்ளை பெத்த உடம்பு, தண்ணி ஆகாது" என்று சொல்பவர்களிடம் வாதாட வேண்டாம். வெந்நீராகக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியதும் தாகம் இன்னும் கூடும், படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு சொம்பு இருக்கட்டும்.