மெடிகேர் மருந்துத் திட்டம்: வீணாகப் பணம் போகும் இடங்கள்

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருந்துச் செலவு முன்பைவிடக் குறைய வழி பிறந்திருக்கிறது. 2022-இல் வந்த சட்டத்தால், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் மருந்துப் பிரிவான பார்ட் டி-யில் இருப்பவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலரைத் தாண்டாது. கைக்காசாகக் கட்டும் தொகைக்கு ஆண்டு உச்சவரம்பு 2025-இல் 2,000 டாலர், 2026-இல் 2,100. எலிக்விஸ், ஜார்டியன்ஸ், ஜனுவியா உட்பட 10 மருந்துகளுக்கு மெடிகேர் பேரம் பேசிக் குறைத்த விலை 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஆனாலும் சில தவறுகளால் இந்தச் சலுகைகளின் பலன் கைநழுவிப் போகிறது.

முதல் தவறு, போன வருஷத் திட்டத்தையே கண்ணை மூடிக்கொண்டு தொடர்வது. செப்டம்பர் முடிவதற்குள், உங்கள் பார்ட் டி திட்டத்தை நடத்தும் தனியார் காப்பீட்டு நிறுவனம் அடுத்த ஆண்டுக்கான மாற்றங்களை எழுதி அனுப்பும். தயவுசெய்து அதைப் பிரித்துப் படியுங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரை, திட்டம் பணம் கொடுக்கும் மருந்துகளின் பட்டியலிலிருந்தே போயிருக்கலாம், அல்லது அதிகம் கட்ட வேண்டிய அடுக்குக்கு ஏறியிருக்கலாம். திட்டத்தை மாற்ற அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அவகாசம் உண்டு. அதற்குள் ஒரு நாள் மாத்திரை டப்பாக்களையெல்லாம் மேசையில் பரப்பி, பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று எழுதிக்கொள்ளுங்கள். மெடிகேர் இணையதளத்தில் அவற்றோடு நீங்கள் போகும் மருந்துக்கடையையும் சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு திட்டத்திலும் வருஷம் முழுக்க எவ்வளவு ஆகும் என்று காட்டும். பார்க்க வேண்டியது அந்தத் தொகையைத்தான். பிரீமியமே இல்லாத திட்டம் என்று சேர்ந்தபின் ஒரே ஒரு மருந்து பட்டியலில் இல்லாமல் போனால், மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போய்விடும். கடையும் முக்கியம்: அதே திட்டம், அதே மாத்திரை, ஆனால் திட்டத்தோடு சலுகை ஒப்பந்தம் உள்ள ‘விருப்பக் கடை’யில் ஒரு விலை, எதிர்க்கடையில் வேறு விலை. கணினி பழக்கமில்லையா? ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. அவர்கள் எந்தக் காப்பீட்டையும் விற்பவர்கள் இல்லை.

உச்சவரம்பைத் தப்பாகப் புரிந்துகொள்வதும் உண்டு. பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கொடுத்த பணம் அதில் சேராது. மாதப் பிரீமியமும் சேராது. காப்பீட்டைக் காட்டாமல் தள்ளுபடி அட்டையில் வாங்கினால் அதுவும் பொதுவாகக் கணக்கில் வராது. மலிவான ஜெனரிக் (பிராண்டு பெயர் இல்லாத அதே மருந்து) மாத்திரைக்கு அந்த அட்டை சரி, விலை உயர்ந்த மருந்துக்கு யோசித்துச் செய்யுங்கள். செலவை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டும் வசதிக்கு வட்டி கிடையாது, ஆனால் மொத்தத் தொகை ஒரு டாலர்கூடக் குறையாது.

அப்புறம், “நான்தான் மாத்திரையே போடுவதில்லையே” என்று பார்ட் டி-யில் சேராமல் விடுவது. அதற்கு ஈடான வேறு காப்பீடும் இல்லாமல் 63 நாள் போனால், விடுபட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீதம் அபராதம். பார்ட் டி இருக்கும்வரை மாதாமாதம் அதைக் கட்டியாக வேண்டும். கிரீன் கார்டில் 5 ஆண்டு தொடர்ந்து வசித்து மெடிகேரில் சேரும் நம் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

வருமானம் குறைந்தவர்களுக்கு, மருந்துச் செலவைக் குறைக்கும் ‘எக்ஸ்ட்ரா ஹெல்ப்’ என்ற அரசு உதவி இருக்கிறது. அது கிடைத்தால் இந்த அபராதமும் கிடையாது. சொந்த வீடு இருக்கிறதே, நமக்குத் தரமாட்டார்கள் என்று ஒதுங்க வேண்டாம். குடியிருக்கும் வீட்டையும் காரையும் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அரசு ஓய்வூதியத்தைக் கவனிக்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் எந்த மாதமும் விண்ணப்பிக்கலாம்.