சிறு மடிக்கணினிக்குள் கூடுதல் யூஎஸ்பி போர்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியின் பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் உள்ள ஆடிட்டர் அலுவலகங்களிலும் ஆன்லைன் சேவைக் கடைகளிலும், பதினொரு அங்குலத் திரை கொண்ட சிறு மடிக்கணினி ஒன்று, ஒரு போர்ட்டைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து தரும் ஹப் ஒன்று பக்கத்தில் தொங்க, அதுவும் அதிலிருந்து கிளம்பும் நாலைந்து வயர்களுமாக மேசையில் இருப்பதை எளிதில் பார்க்கலாம். இருக்கும் இரண்டு போர்ட்டுகளில் மவுஸ் ஒன்றையும் பிரிண்டர் ஒன்றையும் பிடித்துக்கொண்டால், கைரேகைக் கருவிக்கு இடம் இருப்பதில்லை. ஹப்பை மடிக்கணினியின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. இது புதிய எண்ணமும் அன்று. 2007-இல் அசூஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற ஏழு அங்குல மடிக்கணினியை வெளியிட்டபோதே, ஆர்வலர்கள் பலர் அதைத் திறந்து உள்ளே ஹப், புளூடூத் டாங்கிள், பென் டிரைவ் ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்தார்கள்.

செய்ய முடியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை சால்டரிங் பிடிக்கும் கையில் நேர்பவை அல்ல. அதற்கு முன்பே, போர்ட்டைக் கூட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்வதில் தொடங்குபவை. நாம் கூட்டுவதில்லை, ஏற்கெனவே உள்ள ஒரு டேட்டாத் தடத்தையும் அதன் மின்சாரத்தையும் பங்கு போடுகிறோம். பாளையங்கால்வாயில் புதிதாக எத்தனை மடை வைத்தாலும் அணையிலிருந்து வரும் தண்ணீர் கூடிவிடாது. கடைமடை வயல்தான் காயும். போர்ட்டிலும் அதே கணக்குத்தான்.

மின்சாரக் கணக்கைப் போடாமல் தொடங்குவதே தவறுகளில் முதன்மையானது. யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட்டிலிருந்து ஒரு கருவி எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு 500 மில்லி ஆம்பியர். தனக்கெனத் தனி மின்சாரம் இல்லாத நான்கு போர்ட் ஹப் ஒன்றை அதில் மாட்டினால், ஹப்புக்கு 100, கீழேயுள்ள ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 என்று அந்த 500-ஐத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். வயர்லெஸ் மவுஸின் ரிசீவருக்கு இது தாராளம். ஆனால் இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் ஏறத்தாழ 1 ஆம்பியர்வரை இழுக்கும். இன்டர்நெட் டாங்கிளும் சிக்னல் பலவீனமாக உள்ள இடத்தில் முழு 500-ஐயும் எடுத்துக்கொள்ளக்கூடியது. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவார ஊர்களில் டாங்கிளின் இணைப்பு அடிக்கடி அறுந்துபோவதைப் பார்த்து நெட்வொர்க்கைக் குறை சொல்பவர்கள், போர்ட்டில் மின்னழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. அந்த அளவையும் எதுவும் மாட்டாதபோது எடுத்துப் பயனில்லை. வெறும் போர்ட் எப்போதும் 5 வோல்ட் காட்டும். சுமை ஏறிய பிறகு 4.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்பதே கேள்வி. இறங்கினால் கருவி திடீரென்று மறையும், மீண்டும் தோன்றும். காப்பி ஆகிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் கெடும்.

இதை உணர்ந்தவர்கள் அடுத்ததாக மதர்போர்டிலேயே வேறோர் இடத்திலிருந்து 5 வோல்ட் எடுக்கப் பார்க்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இங்கே காத்திருக்கும் தவறு மற்றவற்றைவிடக் கொடியது. மடிக்கணினிக்குள் 5 வோல்ட் மட்டும் ஓடுவதில்லை. அடாப்டரிலிருந்து வரும் தடத்தில் பெரும்பாலும் 19 வோல்ட் இருக்கும். பேட்டரித் தடத்தில் செல்களின் எண்ணிக்கையைப் பொறுத்து 7.4 அல்லது 11.1 வோல்ட் இருக்கும், இவற்றோடு 3.3 வோல்ட்டும் அதற்குக் குறைந்தவையும் உண்டு. இந்த மின்னழுத்தங்கள் வெளிவரும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் காயில்களில் ஒன்றை ஊகத்தில் தேர்ந்தெடுத்து வயரை வைத்தால், மாட்டியிருக்கும் அத்தனை கருவிகளும் ஒரே நொடியில் போய்விடும். மல்டிமீட்டரால் அளக்காமல் எந்த இடத்தையும் நம்பக் கூடாது. அளப்பதையும் மூன்று நிலைகளில் செய்ய வேண்டும்: மடிக்கணினி ஓடும்போது, ஸ்லீப்பில் இருக்கும்போது, முழுவதும் அணைந்திருக்கும்போது. அணைந்த பிறகும் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும் தடங்கள் பல மதர்போர்டுகளில் உள்ளன. அத்தகைய தடத்தில் ஹப்பை மாட்டினால், இரவெல்லாம் பையில் கிடந்த மடிக்கணினி காலையில் சார்ஜ் இன்றித்தான் எழும். வாங்கியவர் பேட்டரி பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்குவார்.

இதே கட்டத்தில் பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. மதர்போர்டுக்கும் வெளியே தெரியும் யூஎஸ்பி போர்ட்டுக்கும் இடையில் பொதுவாக ஒரு சிறு காவல் சிப் அல்லது ஃபியூஸ் இருக்கும். மின்னோட்டம் எல்லை மீறினால் அது துண்டித்துவிடும். தனி 5 வோல்ட் எடுத்து ஹப்புக்குக் கொடுப்பவர், ஹப்பிலிருந்து போர்ட்டுக்குச் செல்லும் கேபிளில் 5 வோல்ட் செல்லும் சிவப்பு வயரையும் சேர்த்து இணைத்துவிட்டால், காவலுக்கு முன்பும் பின்பும் உள்ள இரண்டு முனைகளை நேராக ஒன்றாக்கிவிட்டார் என்று பொருள். அதன்பின் அந்த சிப் இருந்தும் இல்லாததுபோலத்தான். தனி மின்சாரம் கொடுத்தால் அந்தச் சிவப்பு வயரை வெட்டிவிட்டு, டேட்டாவுக்கான வெள்ளை, பச்சை, கிரவுண்டுக்கான கறுப்பு ஆகிய மூன்றை மட்டும் இணைக்க வேண்டும். புதிய மின்தடத்தில் தானாக மீளும் பாலிஃபியூஸ் ஒன்றையும் வைக்க வேண்டும். சில ரூபாய் விலையுள்ள அந்தப் பொருளை வைக்காமல் விடுவதற்கு எந்தக் காரணமும் பொருந்தாது.

இனி டேட்டாத் தடம். யூஎஸ்பியின் டி பிளஸ், டி மைனஸ் என்ற இரண்டு டேட்டா வயர்களின் ஜோடி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மட்டுமே செல்லும் தடம். வீட்டு வயரிங்கில் ஒரு லைனிலிருந்து இரண்டு பல்புக்கு எடுப்பதுபோல அதிலிருந்து இரண்டு கருவிகளுக்குக் கிளை எடுக்க முடியாது. வெப்கேமராவின் வயரில் பக்கவாட்டாக இன்னொரு போர்ட்டை ஒட்டிவிட்டு, இரண்டுமே வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் குறைவில்லை. பழைய இணைப்பை வெட்டி, தடத்தை ஹப்பின் மேல்முனைக்கு, அதாவது கணினியோடு இணையும் முனைக்கு, கொண்டுவந்து, கேமராவை ஹப்பில் கருவிகளுக்கான ஒரு கீழ்முனையில் மாட்டுவதே முறை. அப்படியானால் நான்கு போர்ட் ஹப்பில் நமக்கு மிஞ்சுவது மூன்றுதான் என்பதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். கேமராவுக்கு 5 வோல்ட் போகிறதா, 3.3 வோல்ட் போகிறதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே அதன் மின்வயரைத் தொடாமல் டேட்டா ஜோடியை மட்டும் திருப்புவது பாதுகாப்பானது.

வைஃபை போன்ற சிறு கார்டுகளைச் செருகும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருப்பதைக் கண்டதும் மகிழ்ந்துவிடுவதும் வழக்கம். அந்த ஸ்லாட்டின் 36-ஆம், 38-ஆம் பின்களில் யூஎஸ்பி டேட்டா ஜோடி வர வேண்டும் என்பது விதிமுறையில் உள்ளது உண்மையே. ஆனால் அங்கே 5 வோல்ட் கிடையாது, 3.3 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும்தான் உண்டு. மேலும், விலை குறைந்த மாடல்களில் ஸ்லாட் ஒட்டப்பட்டிருந்தாலும் அதற்குச் செல்லும் சிறு பாகங்களை நிறுவனமே பொருத்தாமல் விட்டிருக்கக்கூடும். வைஃபை கார்டு இருக்கும் ஸ்லாட்டிலிருந்து அந்த ஜோடியை எடுத்தால் வைஃபை வழக்கம்போல ஓடும், புளூடூத் போய்விடும். ஏனெனில் அந்தக் கார்டுகளின் புளூடூத் பகுதி பேசுவது யூஎஸ்பி வழியாகத்தான். எந்தத் தடம் யாருடையது என்பதை ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம்: விண்டோஸில் டிவைஸ் மேனேஜரை இணைப்பு வாரியாகக் காட்டச் சொன்னால், எந்தக் கருவி எந்த ஹப்பில் தொங்குகிறது என்று மரம்போல விரிந்து தெரியும்.

வேலை முடிந்ததும் மவுஸை மாட்டி, அம்புக்குறி அசைகிறது என்று பார்த்துத் திருப்தியடைந்து மூடியைப் போட்டுவிடுவது நான் அதிகம் கண்ட தவறு. மவுஸ் சோதனைக்கு ஏற்ற கருவியே அல்ல. அது பெரும்பாலும் நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் பேசுவது. எவ்வளவு மோசமான வயரிலும் அது ஓடும். பென் டிரைவ் பேசுவதோ 480 மெகாபிட் வேகத்தில். அந்த வேகத்தில் வயரின் நீளமும், இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று முறுக்கிச் செல்கின்றனவா என்பதும், ஓரிடத்தில் தோல் உரிந்து பிரிந்து நிற்கின்றனவா என்பதும் எல்லாமே கணக்கில் வரும். ஜோடியின் மின்மறுப்பு (வேகமான சிக்னலுக்கு வயர் காட்டும் தடை) 90 ஓம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கையால் இழுக்கும் வயரில் அதை அப்படியே காக்க முடியாது, கெடுக்காமல் இருக்கத்தான் முடியும். பழைய யூஎஸ்பி கேபிள் ஒன்றை வெட்டி அதன் உள்ளேயுள்ள வெள்ளை, பச்சை வயர்களை முறுக்குக் கலையாமல், இரண்டும் ஒரே நீளத்தில், சில சென்டிமீட்டருக்குள் முடித்தால் பொதுவாகத் தொல்லை இராது. இரண்டும் இடம் மாறிவிட்டால் கருவி எரியாது. மெதுவான வேறு வகைக் கருவி என்று கணினி தவறாக எண்ணிக்கொண்டு, அடையாளம் தெரியவில்லை என்று அறிவிக்கும். சோதனைக்கு இரண்டு ஜிபி அளவுள்ள கோப்பு ஒன்றைப் பென் டிரைவிலிருந்து எடுத்து, திரும்ப எழுதி, இரண்டு முறையும் பிழையின்றி முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

யூஎஸ்பி 3.0 போர்ட்டை இவ்வாறு உள்ளே இழுக்க முயலவே வேண்டாம் என்பது என் கருத்து. நொடிக்கு 5 ஜிகாபிட் வேகம் கைவேலை வயரைப் பொறுத்துக்கொள்ளாது. அந்த வேகத் தடங்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பி வயர்லெஸ் மவுஸையும் வைஃபையையும் பாதிக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

சால்டரிங் பற்றிச் சொல்ல வேண்டியவை சில. அடாப்டரைக் கழற்றினால் போதாது. பேட்டரியின் கனெக்டரையும் மதர்போர்டிலிருந்து விடுவிக்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய தார்சு வீடுகள் பலவற்றில் மூன்றாவது பின் இருந்தாலும் அதற்கு எர்த் இருப்பதில்லை. கசிவுள்ள அயர்ன் முனை மெல்லிய சிப்களைக் கெடுக்கக்கூடும் என்பதால், எர்த் உறுதியாக உள்ள இடத்தில் வேலை செய்வது நல்லது. பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படும் நவச்சாரமோ, ஆசிட் வகைப் பசையோ மதர்போர்டின் அருகில் வரக் கூடாது. ஈயம் ஒட்ட உதவும் ரோசின் பிளக்ஸ் மட்டுமே போதும், அதையும் கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றிலும் தென்காசிப் பக்கத்துச் சாரல் ஈரத்திலும் மிச்சமிருக்கும் பிளக்ஸ் விரைவில் பச்சை பூக்கும். கிரவுண்ட் புள்ளி சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் ஈயம் ஒட்டாமல் நிற்கும். பொறுமை இழந்து அயர்னை அழுத்தித் தேய்த்தால் செம்புத் தகடே பெயர்ந்து வந்துவிடும்.

இடம் தேடுவதில் பேராசை கூடாது. பிளாஸ்டிக் உறையை உரித்த ஹப் போர்டை வெறும் உலோகத்தோடு உள்ளே திணித்தால், குலுங்கும்போது மதர்போர்டைத் தொட்டு ஷார்ட் ஆகும். சூட்டைத் தாங்கும் மஞ்சள் நிற கேப்டன் டேப்பால் முழுவதும் சுற்ற வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை, அக்னி நட்சத்திர வெயிலில் வெளியிலேயே 40 டிகிரியை ஒட்டி இருக்கும் நாட்களில், மடிக்கணினிக்குள் உருகி வழுக்கிவிடும். தட்டையான லித்தியம் பேட்டரியின் மேல் எதையும் வைக்கக் கூடாது. பழைய பேட்டரி சற்றே உப்பினால்கூட போர்டின் கூர்முனை அதைக் குத்தும், அங்கிருந்து தீ வரலாம். விசிறியின் காற்றுவழி, ஹீட் பைப்பின் அருகு இரண்டும் விலக்கு. புளூடூத் டாங்கிளையோ மவுஸ் ரிசீவரையோ உள்ளே வைப்பதாக இருந்தால் மேலே உலோகத் தகடு இல்லாத மூலையாகப் பார்க்க வேண்டும்; இல்லையெனில் மேசையின் மறுமுனைக்கே சிக்னல் எட்டாது.

எதை உள்ளே வைப்பது என்பதிலும் ஒரு தவறு பரவி வருகிறது. ஆடிட்டர் அலுவலகங்களில் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் தொலைந்துபோகிறது என்பதற்காக அதை மடிக்கணினிக்குள் நிரந்தரமாகப் பொருத்தித் தரச் சொல்கிறார்கள். மடிக்கணினி யார் கைக்குப் போனாலும் கையொப்பமும் கூடவே போகும் என்பதால் அதைச் செய்யக் கூடாது. வாரன்டி உள்ள மடிக்கணினியையும், அன்றாடப் பிழைப்புக்கு அது ஒன்றையே நம்பியிருக்கும் கடையின் ஒரே மடிக்கணினியையும் திறப்பதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவர்களுக்கு அடாப்டருடன் வரும் வெளி ஹப்பே போதும். பள்ளியில் கிடைத்து இப்போது பரணில் கிடக்கும் விலையில்லா மடிக்கணினிதான் இந்தக் கைவேலையைப் பழகச் சரியான பொருள்.

மூடியைத் திரும்பப் போடும்போது ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் நெட்டை ஸ்க்ரூவை முடுக்கினால் அது கீபோர்டையோ புதிதாக வைத்த ஹப்பையோ துளைத்துவிடும். கழற்றும்போதே ஒரு தாளில் மூடியின் படத்தை வரைந்து அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவைக் குத்தி வைப்பது எளிய வழி. மூடிய பிறகு ஒரு மணி நேரம் எல்லாக் கருவிகளையும் மாட்டி ஓட்டி, ஹப் இருக்கும் இடத்தின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரவு அணைக்கும்போது சார்ஜ் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, மறுநாள் காலையில் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.